"கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று நானும்தான் சொன்னேன்



பதிவு நீளம். பண்ணையில் பஸ் ஏறி அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை தாண்டி சுருவில் வந்து இறங்குவதற்குள் வாசித்து முடித்துவிடலாம். எழுத வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். இரண்டு பேரும் நான் மதிக்கிறவர்கள், அதனால்தான் மூன்று கிழமை யோசித்தேன்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி. ஓ/எல் முடித்து, வீட்டு நிலைமையால் யாழ்ப்பாண டவுனில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே அரைமணி நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள். முதலாளி ஸ்டோருக்குள் கூப்பிடுகிறார், இரவில் வொய்ஸ் அனுப்புகிறார், "நீ நல்லா இருந்தா சம்பளமும் நல்லா இருக்கும்" என்கிறார். வேலைக் கடிதம் இல்லை. சேமலாப நிதி இலக்கமும் இல்லை.

அப்போது என் வாயில் இருந்து வந்த முதல் வார்த்தை, "கொஞ்சம் பொறுத்துக்கொள் பிள்ளை, வேற இடம் பார்ப்பம்."

பதினொரு வருடமாக ஆசிரியை நான். ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் படித்தோம், வகுப்பறை முகாமைத்துவம் படித்தோம். வேலைத்தளத்தில் ஒருவருக்கு அநியாயம் நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று ஒரு பக்கமும் படிக்கவில்லை. தாபன விதிக்கோவையை லீவு எடுக்க மட்டும்தான் புரட்டியிருக்கிறோம். அன்றிரவு நித்திரை வராமல் தேடத் தொடங்கினேன். அதன்பிறகு சட்டம் தெரிந்தவர்களிடமும் கேட்டேன். இனி எழுதுவது அதிலிருந்து.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டது. பாலியல் தொந்தரவு ஒரு குற்றம். தொட்டால்தான் என்றில்லை, சொல்லும் போதும். வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் விருப்பமில்லாத பெண்ணிடம் சொல்லாலோ செயலாலோ இப்படி நடந்தால் அதுவும் இந்தக் குற்றம்தான் என்று பிரிவுக்கான விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஐந்து வருடம் வரை சிறை அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். நட்டஈடும் கொடுக்கச் சொல்லலாம். அதாவது இந்த வயதுப் பிள்ளைக்கு முப்பது வருடப் பழைய சட்டம் காவலுக்கு நிற்கிறது, அவளுக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

அரச ஊழியர்களுக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு, இன்னொரு வழியும் உண்டு. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவம் பற்றியது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் எதை வைத்தும் பாகுபாடு காட்டக்கூடாது. மீறினால் 126இன் கீழ் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஒரே ஒரு மாதம்! அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. அதற்கும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்து சும்மா இருந்தால் போதாது, விசாரணை நடக்கிறது என்று காட்ட வேண்டியிருக்கும். இடமாற்றக் கையெழுத்துக்கு விலையாக உடம்பைக் கேட்கிற அதிகாரிகளுக்கு 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டமும் இருக்கிறது. பாலியல் சலுகையும் அதில் இலஞ்சம்தான்.

தனியார் கடைக்கு இந்த அடிப்படை உரிமை வழி இல்லை. அந்தப் பிள்ளைக்கு இருப்பது பொலிஸும், வேலையால் நிறுத்தினால் தொழில் நியாய சபையும். அங்கே ஆறு மாதக் கெடு.

இப்போது "பொறுத்துக்கொள்" என்ற வார்த்தையைப் பாருங்கள். "நோன்பு முடியட்டும் பேசுவம்", "திருவிழா முடியட்டும்", "அதிபர் மாறிப் போயிடுவார்". நாங்கள் ஆறுதலாகச் சொல்கிற ஒவ்வொரு பேச்சுக்கும் அங்கே நாள் கழிகிறது. ஸப்ர் என்பது அநியாயக்காரனுக்குக் கொடுக்கிற தவணை என்று எனக்கு யாரும் ஓதித் தரவில்லை.

திருகோணமலை கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2018 ஏப்ரலில் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எதிராகப் பெற்றோர் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு அவர்கள் பக்கம் பரிந்துரை செய்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடந்தது. ஓர் ஆசிரியை மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், கல்வி அமைச்சு உடன்பட்ட பிறகு, 2022 பெப்ரவரி 2ஆம் திகதி கடமைக்குத் திரும்பினார். அன்றைக்கே கைகலப்பு. தான் தாக்கப்பட்டதாக ஆசிரியையும் சொன்னார், அதிபரும் சொன்னார். இருவரும் ஆஸ்பத்திரியில்.

அந்தக் கிழமை எங்கள் பேஸ்புக் எப்படி இருந்தது? சேலையா அபாயாவா, இந்துக்களா முஸ்லிம்களா. நானும் ஆவேசமாக இரண்டு பதிவு போட்டேன், இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை. அது ஒரு வேலைப் பிரச்சினை என்று ஆறுதலாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. ஆசிரியைக்கு வேலை கொடுத்தது அரசு. பெற்றோரோ பழைய மாணவரோ அல்ல. ஊர் கூடிக் கத்தினால் ஒருவரை வேலைத்தளத்தில் இருந்து அகற்றலாம் என்றால் நாளைக்கு அது யாருக்கும் நடக்கும். 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன குடும்பத்தில் பிறந்தவள் நான். இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது எங்கள் பக்கத்தை. என்னிடம் வந்த பிள்ளை கத்தோலிக்கப் பிள்ளை. அந்த முதலாளி எங்கள் ஆள். பள்ளிக்குச் சம்பாவனை கொடுப்பவர். திருகோணமலை ஆசிரியைக்காக ஜும்ஆ முடிந்து கூட்டம் போட்ட அதே ஆட்களில் இரண்டு பேர்தான் என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், நம்மட பேர் கெட்டுப்போகும், பிள்ளைக்கும் நாளைக்குக் கலியாணம் இருக்கு" என்றார்கள். வொய்ஸ் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கோ, ஒரு தொகை வாங்கித் தாறம் என்றார்கள். நல்ல மனிதர்கள்தான். அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு கூச்சமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. 2021 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு பெண் எஸ்.பி., சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது முறையிடச் சென்னைக்குப் போனார். பரனூர் சுங்கச்சாவடியில் காரை மறித்து, போக விடாமல் சமாதானம் பேசப் பார்த்தது இன்னொரு எஸ்.பி. பொலிஸ் உயர் அதிகாரிக்கே அந்த நிலை என்றால் சுருவில் பிள்ளைக்கு? 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் டி.ஜி.பி.க்கு மூன்று வருடச் சிறை கொடுத்தது, 2024இல் மேன்முறையீட்டிலும் அது உறுதியானது. மறித்தவரையும் விடவில்லை, 500 ரூபாய் அபராதம். தொகை சின்னதுதான். ஆனாலும் "சமாதானம் பேச வந்தவர்" என்பதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது என்று அந்த 500 ரூபாய் சொல்லுகிறது.

சட்டத்தரணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாங்கள் அவர்களைத் திட்டுவதோடு சரி. முதலில் நாங்கள் போனவர் முதலாளியின் பெயரை மட்டும் கேட்டார். கேட்டவுடன் கையை உயர்த்தி, "இதுக்கு மேல என்னட்டச் சொல்லாதேங்கோ. அவற்ற காணி அலுவல் பார்க்கிறது நான்" என்று எழுந்துவிட்டார். பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. எனக்கும் கோபம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், அந்த மனிதர் எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறார் என்று விளங்கியது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகு முதலாளிக்குப் போன் எடுத்திருக்கலாம் அல்லவா?

இரண்டாவதாகப் போனவர் ஒரு பெண். என்னை வெளியே இருக்கச் சொன்னார். "நான் அவளின்ர டீச்சர்" என்றேன். "அவதான் என்ர கட்சிக்காரி, நீங்கள் இல்லை" என்றார். முக்கால் மணி நேரம் வெளி வாங்கில் இருந்து நுளம்பு அடித்தேன். கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல முடியாது என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. (அங்கேயும் 126, இங்கேயும் 126. பிள்ளைகளுக்கு ஞாபகம் வைக்க லேசு.) அறைக்குள் நான் இருந்திருந்தால் அவள் பாதியைத்தான் சொல்லியிருப்பாள் என்பது பிறகுதான் தெரிந்தது. முறையிடுவதா, வேலையை விடுவதா, மன்னிப்பதா, எல்லாவற்றையும் அவர் அவளிடமே கேட்டிருக்கிறார். என்னிடமோ, அவளுடைய அம்மாவிடமோ, பங்குத் தந்தையிடமோ, பள்ளி நிர்வாகத்திடமோ கேட்கவில்லை.

முதலாளிக்கும் ஒரு சட்டத்தரணி வருவார். வரத்தான் வேண்டும், அது அவருடைய உரிமை. பிள்ளை சொன்னது உண்மையா என்று அவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அவள் எப்படி உடுத்தினாள், யாரோடு பஸ்ஸில் போனாள் என்று ஊருக்குள் கதை பரப்புவது வாதாடுவது இல்லை. தொழில் ஒழுக்கம் மீறும் சட்டத்தரணியைப் பற்றி உயர் நீதிமன்றத்துக்கு முறையிடலாம், அங்கே பெயரையே நீக்கும் அதிகாரம் இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளை வொய்ஸை அழிக்கவில்லை. திகதி போட்டு ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினாள், கையெழுத்து அழகான பிள்ளை. பிறகு என்ன செய்தாள் என்பது அவளுடைய விஷயம், இங்கே எழுத மாட்டேன்.

யாருக்கும் தேவை என்றால்: காசு இல்லாதவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. தனியப் போகப் பயம் என்றால் சனிக்கிழமைகளில் நான் கூட வருவேன். வெளி வாங்கில்தான் இருப்பேன்.

கொமென்ட்டில் கடைப் பெயர் கேட்க வேண்டாம். பிள்ளை யாரென்று ஊகித்து எழுதுபவர்களை புளொக் பண்ணுவேன், சொந்தக்காரர் என்றாலும்.