இலக்கம் 412



சென்ற மாதம் நீரிழிவு பற்றி நான் எழுதியதை வாசித்துவிட்டுக் கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "சோற்றைக் குறைத்தேன் என்று எழுதினீர்கள், நடந்தேன் என்று எழுதினீர்கள். நானும் இரண்டையும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். எனக்கு இவ்வளவு இறங்கவில்லை. எதையோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். சரியாகப் பிடித்துவிட்டார். ஓடினேன் என்று எழுத வெட்கப்பட்டு, நடந்தேன் என்று எழுதினேன். இந்த முறை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நான் இருக்கும் தென் இங்கிலாந்துப் பட்டினத்தில் கோடை காலத்தில் மாதத்துக்கு ஒரு வீதி ஓட்டம் நடக்கும். யூன், யூலை, ஓகஸ்ட் என்று மூன்று. புதன்கிழமை மாலை ஏழரை மணிக்குத் தொடக்கம். யூனில் இங்கே சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டிவிடும். ஆகவே வேலை முடித்து, சமைத்துவைத்துவிட்டு வந்து ஓடலாம். தூரம் பத்துக் கிலோமீற்றர். எங்கள் கணக்கில் சொன்னால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் தொடங்கி, காங்கேசன்துறை வீதியால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம் தாண்டிச் சுன்னாகம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்ட வீரர்கள் முன்வரிசையில் ஒரு இருபது பேர் இருப்பார்கள். மிச்சப் பேர் ஆசிரியர், தாதி, தபால்காரர், பேரப்பிள்ளை கண்டவர்கள். மூன்று மாதமும் அதே வீதிதான். பக்கத்தில் ஓடுபவரோடு போட்டி போட வேண்டியதில்லை, யூனில் எடுத்த நேரத்தோடு யூலையில் போட்டி போடலாம். பெண்களுக்கு 35 வயதிலிருந்து ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு. ஐம்பது வயதுக்காரி இருபது வயதுப் பிள்ளையோடு மோத வேண்டியதில்லை.

2021இல் எனக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தபோது வயது 46. மூன்று மாதச் சராசரி 7.9 இருந்தது. மெற்போமின் குளிசை தந்தார்கள். கிளினிக்கில் இருந்த தாதி ஒரு தாளை நீட்டி, இதையும் செய்து பாருங்கள் என்றார். அது ஒன்பது வாரப் பயிற்சி. கதிரையில் இருந்து எழும்பாத ஆளை ஐந்து கிலோமீற்றர் ஓட வைப்பதற்கென்று இங்குள்ள அரசாங்க சுகாதார சேவை கொடுக்கும் பயிற்சி அது. வாரத்தில் மூன்று நாள் போதும். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட வேண்டும், ஒன்றரை நிமிடம் நடக்க வேண்டும், அப்படியே இருபது நிமிடம். ஒரு நிமிடம்தானே என்று போனேன். நாற்பது விநாடியில் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வாரப் பயிற்சியை முடிக்க எனக்குப் பதினாறு வாரம் ஆனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வெளியில் சொல்லாத இரண்டு பிரச்சினைகள் இருந்தன. ஆண்கள் வாசிக்காத பக்கம் இது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஒன்று மார்பு. சாதாரண உள்ளாடையோடு ஓடினால் நோகும், தோலும் உரசிப் புண்ணாகும். ஓடுவதற்கென்று இறுக்கமான உள்ளாடை இருக்கிறது. அமெரிக்காவில் 1977இல் மூன்று பெண்கள், ஆண்கள் விளையாடும்போது அணியும் உள்ளாடைகள் இரண்டை எடுத்துச் சேர்த்துத் தைத்துப் பார்த்ததில் பிறந்தது அது. மற்றது, மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. துள்ளினால், தும்மினால் சலம் கசியும். இதற்காகவே எத்தனையோ பெண்கள் ஓட்டத்தை மட்டுமல்ல, கலியாண வீட்டுக்குப் போவதையே விட்டிருக்கிறார்கள். பிள்ளை பெற்றால் இது இருக்கும்தான் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாதி அடிவயிற்றுக்குக் கீழே உள்ள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் காட்டித் தந்தார். கிட்டத்தட்ட மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. இப்போதும் பல் துலக்கும்போது செய்கிறேன்.

வீட்டில் பெரிய எதிர்ப்பு இல்லை. மாமி மட்டும், "வயசு போன நேரத்தில என்ன பிள்ளை இந்தக் குதியல்? ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றார். ஆட்கள் ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சாபிக் காற்சட்டையும் மகனின் பழைய ரீசேட்டுமாக நான் ஓடுவதைப் பார்த்துத் தமிழ்க் கடைக்காரத் தம்பி ஒருநாள், "அக்கா, பஸ்ஸை விட்டிட்டியளோ?" என்று கேட்டது உண்மை.

2022 யூன் மாதம் முதலாவது ஓட்டம். ஒரு மண்டபத்தில் மேசை போட்டுப் பதிவு நடந்தது. இலக்கம் 412 அச்சடித்த தாளும் நான்கு சேப்ரி பின்னும் தந்தார்கள். தாளின் பின்புறம் பெயர், வருத்தம், சாப்பிடும் மருந்து, அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் விபரம் எல்லாம் எழுத வேண்டும். பேனையை எடுத்ததும் கை நின்றுவிட்டது. என்னை எத்தனையோ தரம் பதிந்திருக்கிறார்கள். நிவாரணத்துக்கு, சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் தங்கியபோது, வவுனியாவில் பாசுக்கு, பிறகு இங்கே அகதி விண்ணப்பத்துக்கு. ஒவ்வொரு முறையும் அந்தத் தாளில் என்ன எழுதுகிறார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நானே காசு கட்டி, நானே கேட்டு வாங்கிய இலக்கம் இதுதான் முதல்.

இலக்கம் என்றதும் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 1967இல் அமெரிக்காவின் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் கத்ரின் சுவிற்சர் என்ற மாணவி முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் பதிந்து, 261 என்ற இலக்கத்தோடு ஓடினார். நடுவழியில் ஓட்ட அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த இலக்கத்தைப் பிய்க்கப் பார்த்தார். அந்தப் பிள்ளை ஓடி முடித்தது. பெண்கள் அங்கே முறைப்படி ஓட 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் ஓட்டம் வந்தது 1984இல். இவ்வளவு தூரம் ஓடினால் பெண்ணின் உடம்பு தாங்காது என்பதுதான் அதுவரை சொல்லப்பட்ட நியாயம். எங்கள் பெண்கள் இடுப்பில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாகப் போன தூரத்தை அவர்கள் யாரும் அளந்து பார்க்கவில்லைப் போலும்.

தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நின்றேன். எப்படித் தொடங்குவார்கள் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் சண்டைக் காலம் என்பதால் துவக்கு வெடி கிடையாது. விளையாட்டு ரீச்சர் இரண்டு பலகையைச் சேர்த்துத் தட்டுவா. இங்கே படகுகளில் அடிப்பது போன்ற பெரிய ஹோண். அது அடித்ததும் எல்லோரும் முன்னுக்கு ஓட, நான் இருந்த இடத்திலேயே குந்திவிட்டேன். இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டது. இருபத்தேழு வருடம் கழித்து, ஆங்கிலேயர்கள் கைதட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீதியில். பக்கத்தால் போன ஒரு பெரியவர் நான் சப்பாத்து நூல் கட்டுகிறேன் என்று நினைத்து, "ஆறுதலாகக் கட்டுங்கள், நேரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவருக்கு நன்றி. அந்தச் சொல்லில்தான் எழும்பினேன்.

எழும்பியபோது எனக்கு முன்னால் ஒருவரும் கிட்டத்தில் இல்லை. பின்னால் ஒரே ஒருவர் இருந்தார். கடைசி ஆளுக்குப் பின்னால் சைக்கிளில் வருவதற்கென்று ஒரு தொண்டரை விடுவார்கள், யாரும் தனியே விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக. நல்ல ஏற்பாடு. ஆனால் எனக்கு அந்தச் சில்லுச் சத்தம் முதுகில் ஊர்ந்தது. யாரோ பின்னால் வருகிறார்கள் என்றால் என் கால் வேறு மாதிரி ஓடும். வேகம் கூடும், மூச்சு வராது, வாய் காயும். இரண்டாவது கிலோமீற்றரில் இளைத்துப்போய் நின்றேன். அந்த அம்மா இறங்கி, நோகிறதா என்று கேட்டார். அறுபது வயது தாண்டியவர். என்ன சொல்வது? "பின்னால் வராதீர்கள், பக்கத்தில் வாருங்கள்" என்றேன். காரணம் கேட்கவில்லை. மிச்சம் எட்டுக் கிலோமீற்றரும் பக்கத்திலேயே வந்தார், தன் தோட்டத்து அவரைக்கொடியைப் பூச்சி தின்ற கதையைச் சொல்லிக்கொண்டு.

1995 ஒக்டோபர் 30 இரவு செம்மணி வழியாகத் தென்மராட்சிக்குப் போனவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பீர்கள். அன்று நாங்கள் ஓடவில்லை. ஓட இடமிருக்கவில்லை. சனத்துக்கு நடுவில் மழையில் அடி அடியாகத்தான் நகர்ந்தோம். அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நான் உருட்டிக்கொண்டு வந்தேன். ஓட வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கத்தியும் ஓட முடியாமற் போன இரவு அது. பத்துக் கிலோமீற்றர் பாதையில் ஏன் அதை நினைத்தேன் என்று தெரியாது. அவரைக்கொடிக் கதையோடு சேர்ந்து அதுவும் வந்தது, போனது. கண்ணீர் வந்ததும் உண்மை. வியர்வையோடு ஆர் கண்டார்.

ஒரு மணி 31 நிமிடம் 40 விநாடி. கடைசி. வீதியில் வைத்த கூம்புகளை எனக்குப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தார்கள். கேக் மேசையில் துண்டுகள்தான் மிச்சம். ஆனால் முடிவுக் கோட்டில் மணிக்கூட்டை நிற்பாட்டாமல் வைத்திருந்தார்கள்.

யூலை ஓட்டம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்த வருடம் யூலை 19ஆந் திகதி இங்கிலாந்தில் முதன்முதலாக வெப்பம் 40 பாகையைத் தாண்டியது. அந்த வாரம் இருந்த ஓட்டத்தை அடுத்த வாரத்துக்குப் பின்போட்டார்கள். வெள்ளைக்காரர் வெயிலுக்குப் பயந்து ஓடுவதை வவுனியாவில் இருக்கும் தங்கச்சிக்குச் சொல்லிச் சிரித்தோம். பிறகு ஓடிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. 1 மணி 26 நிமிடம்.

ஓகஸ்ட் ஓட்டத்துக்கு முதல் அந்தச் சைக்கிள் அம்மாவிடம் ஹோண் பற்றிச் சொல்லிவிட்டேன், முழுவதும் அல்ல, சத்தம் எனக்கு ஒத்துவராது என்று மட்டும். அவர் போய் யாரிடமோ ஏதோ கதைத்தார். ஹோண் நிற்கவில்லை. ஆனால் அடிக்க முதல் ஒலிபெருக்கியில் பத்திலிருந்து ஒன்று வரை எண்ணினார்கள். எண்ணி முடியும்போது நான் தயாராக இருந்தேன். கை கொஞ்சம் நடுங்கியது, குந்தவில்லை. நேரம் 1 மணி 22 நிமிடம் 8 விநாடி. எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார், முழங்கால் பிடித்த ஒரு மனிசன். கடைசி இல்லை என்று சந்தோசப்பட்டது கொஞ்சம் அற்பப் புத்திதான். மறைக்க மாட்டேன்.

மறுநாள் மண்டபச் சுவரில் பெறுபேறு ஒட்டியிருந்தார்கள். நீளப் பெயர் என்பதால் பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. இலக்கம் சரி, நேரம் சரி, விநாடி வரைக்கும் சரி. மகள் அதைப் படம் எடுத்து மாமிக்குக் காட்டினாள். "இதுக்கு என்ன தருவினம்?" என்று மாமி கேட்டார். ஒன்றும் தரமாட்டார்கள் என்றேன். நம்பவில்லை.

அந்த மாமி 2023 கடைசியில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். முள்ளியவளையைச் சேர்ந்த 72 வயது அகிலத்திருநாயகி அம்மா பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்ற செய்தி. "உன்னைவிட எவ்வளவு வயசு கூட, பார்" என்றார். என்னவோ நான்தான் வயது போய்விட்டது என்று சொன்னவள் மாதிரி.

இனிக் கிளிநொச்சிச் சகோதரிக்கு. ஓடத் தொடங்கி ஒன்றரை வருடத்தில் எனக்கு 7.9 இருந்த சராசரி 6.8 ஆனது. குளிசையை நிறுத்தவில்லை, நீங்களும் டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். இன்சுலின் போடுபவர், சீனியைச் சட்டென்று இறக்கும் குளிசை எடுப்பவர் என்றால் ஓட முதல் கிளினிக்கில் கேளுங்கள். கையில் குளுக்கோசோ இனிப்போ வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே நின்று வாயில் போட வேண்டும். பாதத்தில் புண் இருந்தால் மாறும்வரை ஓட வேண்டாம். செருப்போடு ஓடாதீர்கள். விரலுக்கு இடம் விட்டு, கால்மேசோடு போடக்கூடிய பழைய சப்பாத்து என்றாலும் போதும். வெயில் ஏற முதல், தெரிந்த வீதியில், முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். கதைக்க முடியாவிட்டால் நடவுங்கள். காலில் காயம்பட்டவர்கள், உள்ளே துண்டு இருப்பவர்கள் டொக்டரிடம் காட்டிய பிறகு பார்க்கலாம்.

ஒரு நிமிடம் ஓடி, ஒன்றரை நிமிடம் நடந்து தொடங்குங்கள். எத்தனை வாரம் எடுத்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்தத் தசைப் பயிற்சியை எப்படிச் செய்வது என்று அடுத்த இதழில் விபரமாக எழுதுகிறேன்.