"உழைத்தால் முதலாளி ஆகலாம்" என்று யாருக்குச் சொல்கிறீர்கள்?

கல்லூரிகளில் நடக்கும் தொழில்முனைவோர் முகாம்களுக்குப் போனால் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "திருப்பூரைப் பாருங்கள். கைமடிக்க வந்தவர்கள் இன்று எக்ஸ்போர்ட் முதலாளிகள். உழைத்தால் யாரும் வரலாம்." போன மாதம் ஒரு முகாமில் இதைச் சொன்னவர், தடைகளைத் தாண்ட ஐந்து வழிகளையும் வாசித்தார். தன்னம்பிக்கை இருந்தது, விடாமுயற்சி இருந்தது, நேர நிர்வாகம்கூட இருந்தது. சாதி இல்லை. முன்வரிசையில் இருந்த நம் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பூர் முதலாளிகளில் பலர் தொழிலாளிகளாக இருந்து வந்தவர்கள்தான். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் வெளியிட்ட 'ஃப்ரெட்டர்னல் கேப்பிடல்' நூல் இதைத்தான் ஆராய்கிறது. எளிய கவுண்டர் விவசாயக் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள், கூட்டுச் சேர்ந்து முதலாளிகளான கதை அது. வெற்றிக்கு அவர்கள் சொன்ன காரணம் ஒரே சொல்: உழைப்பு.

சரி, உழைப்புதான் முதலாளியாக்கும் என்றால், அதே தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாளாகக் கிடந்த அருந்ததியர் அல்லவா முதலில் கம்பெனி வைத்திருக்க வேண்டும்? கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்த கைகளுக்கு ஓவர்லாக் மெஷின் பெரிய வித்தையா? அவர்களிடம் இல்லாதது உழைப்பு அல்ல. அடமானம் வைக்கத் தோட்டம் இல்லை. பங்கு போட மாமன் மச்சானிடம் பணம் இல்லை. கடனுக்கு நூல் கொடுக்கவும், "நம்ம பையன்" என்று முதல் ஆர்டர் கொடுக்கவும் ஆள் இல்லை. அந்த "நம்ம" என்ற சொல்தான் இந்த ஊரின் உண்மையான மூலதனம்.

திருப்பூரில் மட்டும் இப்படி இல்லை. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, நாட்டு மக்களில் 16 சதவீதத்துக்கு மேல் இருந்த பட்டியல் சாதியினரிடம் இருந்த தொழில் நிறுவனங்கள் 9.8 சதவீதம்தான்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், அவிநாசிப் பக்கம். பன்னிரண்டு வருடம் ஓவர்லாக் டெய்லர். ஆறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்க பவர் டேபிள் ஆரம்பித்தார். ஷெட் வாடகைக்குக் கேட்ட இடத்தில் முதல் கேள்வி அட்வான்ஸ் பற்றி இல்லை. "ஊருக்குள்ளயா, காலனியா?" என்பதுதான். பேங்கில் ஈடு கேட்டார்கள். அவரிடம் இருந்தது அரசு கொடுத்த மூன்று சென்ட் மனைப்பட்டா. அது நிபந்தனைப் பட்டா, செல்லாது என்று கையை விரித்தார்கள். ஈடில்லாத கடனுக்கு அரசே உத்தரவாதம் தரும் திட்டம் 2000 முதல் இருக்கிறது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. கந்துவட்டிக்கு வாங்கி மெஷின் போட்டார். தைத்துக் கொடுத்த சரக்குக்கு நான்கு மாதம் பணம் வரவில்லை. டெய்லர்களுக்கு சனிக்கிழமை சம்பளம் நிற்குமா? ஒவ்வொரு மெஷினாக விற்றார். இன்று மறுபடியும் டெய்லர்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. "மனு போடலாமே அண்ணா" என்றேன். "போட்டா அப்புறம் இந்த ஊர்ல எவன்மா எனக்குத் துணி கொடுப்பான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திட்டங்கள் இல்லையா? அவையும் இருக்கின்றன. 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. 1.25 லட்சம் கிளைகள் என்று கணக்கும் சொன்னார்கள். ஏழு வருடம் கழித்து, 2023 மார்ச் வரை அனுமதித்த கடன்களில் பட்டியல் சாதியினருக்கு 26,889, பழங்குடியினருக்கு 8,960. கிளைக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று கிளைக்கு ஒன்று என்றும் தேறாது. இத்தனை ஆயிரம் மேனேஜர்களும் நம்மில் தன்னம்பிக்கை உள்ள ஒரே ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லையா?

தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்கள் அண்ணலின் வாழ்க்கையை ஒருமுறை படிக்கட்டும். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் 1917-ல் பம்பாய் திரும்பி, முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். தொழில் மூடப்பட்டது. அவரிடம் விடாமுயற்சி குறைவு என்று எந்த மேடையில் சொல்வீர்கள்?

தோழர்களே, நான் தொழில் தொடங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தொடங்குங்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் இருக்கிறது. உரிமையோடு கேட்டு வாங்குங்கள். ஆனால் கடனோடு நின்றுவிடாமல் ஆர்டரையும் கேளுங்கள். மத்திய அரசுக் கொள்முதலில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறது. டியூட்டி டிராபேக் என்று அரசிடம் சலுகை வாங்கும் ஏற்றுமதியாளர், தன் ஜாப் ஒர்க்கை யாருக்குக் கொடுக்கிறார் என்று ஏன் கணக்குக் காட்டக் கூடாது?

நமக்குள்ளும் ஒன்று பேச வேண்டும். நம்மில் ஒருவர் முதலாளியானால் அவர் கம்பெனியிலும் பீஸ் ரேட் ஒழுங்காக வர வேண்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்துக் கட்ட வேண்டும். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளர்களின் இரண்டு எதிரிகள் என்று அண்ணல் 1938-ல் மன்மாட் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் சொன்னதில், ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த முகாமில் கைதட்டுவதற்கு முன் கையைத் தூக்குங்கள். "ஐயா, ஷெட் யார் கொடுப்பார்? ஆர்டர் யார் கொடுப்பார்? 45-ம் நாள் பணம் வராவிட்டால் எங்களுக்காக யார் மனு போடுவார்?" இந்த மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு அவர் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கட்டும்.