நிற்கிற வேலைக்கு ஒரு ஸ்டூல்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கம் ஷிஃப்ட் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது படியுங்கள். நீங்கள் உட்காருவதே அந்த நேரத்தில்தான் என்று கேள்விப்படுகிறேன்.

காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு நிற்பதை "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம். அது நரம்பு அல்ல, சிரை. பத்தாம் வகுப்புப் பாடம்தான். இதயம் தள்ளும் ரத்தம் தமனி வழியே பாதம் வரை இறங்கிவிடும். திரும்ப மேலே ஏற வேண்டுமே! நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஏறியது இறங்காமல் உள்ளே சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன. நடந்தால் பம்பு ஓடும். ஒரே இடத்தில் நின்றால் பம்பு நின்றுவிடும், ரத்தம் கீழே தேங்கும். வருஷக் கணக்கில் தேங்கினால் வால்வு பழுதாகும். பரம்பரை, கர்ப்பகாலம், உடல் எடை இவற்றுக்கும் பங்கு உண்டு. எனக்கும் இடது காலில் இருக்கிறது. 34 வருஷம் கரும்பலகை முன் நின்றவன்.

என் பழைய மாணவி ஒருத்தி, லைனில் நிற்கும் வேலை. முதலில் சாயங்கால வீக்கம், பிறகு கணுக்காலுக்கு மேலே உட்பக்கம் கறுப்பு, அரிப்பு. கடைசியில் புண். ஏழு மாதம் மருந்துக்கடைக் களிம்பு. சர்க்கரைப் புண் என்று வீட்டில் பயம். அவளுக்குச் சர்க்கரையே இல்லை. டாப்ளர் ஸ்கேன் எடுத்த பிறகுதான் சிரை என்று தெரிந்தது. அழுத்தக் கட்டு போட்டுப் புண் ஆறியது, லேசர் வைத்துக் கெட்ட சிரையை அடைத்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். மருத்துவம் தன் வேலையைச் செய்தது. ஆனால் அவள் திரும்பிப் போய் நின்றது அதே லைனில், அதே இடத்தில்.

அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். ஆனால் வேலைக்கு நடுவே ஓய்வு வாய்க்கும்போது உட்காரத்தான் அந்த வசதி. கன்வேயர் ஓடுகிற லைனில் ஓய்வு எப்போது வாய்க்கும்? அதே பிரிவில் இன்னொன்றும் இருந்தது: உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை என்று தலைமை ஆய்வாளர் கருதினால் இருக்கை போடச் சொல்லலாம். இதைப் பலருக்குத் தெரியாது.

கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018-ல் உட்காரும் உரிமையை வாங்கினார்கள். 2021-ல் நம் சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. கடைப் பிள்ளைகளின் காலும் கம்பெனிப் பிள்ளைகளின் காலும் ஒரே கால்தானே?

உங்களில் சிலர் இப்போது சூப்பர்வைசர், எச்.ஆர். உங்களைத்தான் கேட்கிறேன். "உட்கார்ந்தால் தூங்கிடுவாங்க சார்" என்று ஒருவன் போனில் சொன்னான். வகுப்பில் நிற்க வைத்தால் தண்டனை, அங்கே மட்டும் அது ஒழுங்கா? கதவு மாட்டும் வேலைக்கு ஸ்டூல் ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். ஸ்க்ரூ முடுக்குவதற்கும், சரிபார்ப்பதற்கும், பேக்கிங்குக்கும் என்ன தடை? முழு ஷிஃப்டும் உட்கார்ந்தே கிடப்பதும் கெடுதல்தான். மாறி மாறி உட்காரவும் நிற்கவும் ஏற்ற உயர ஸ்டூல், இரண்டு மணிக்கு ஒருமுறை வேலை மாற்றம், நாலு நிமிஷ நடை. இவ்வளவுதான்.

ஸ்டூல் வரும்வரை நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ரூமுக்குப் போனதும் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வைத்துப் படுங்கள். அழுத்தக் காலுறையை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறது, பாதம் சில்லென்று இருக்கிறது என்றால் அது தமனி அடைப்பாக இருக்கலாம். அதற்குக் காலுறை ஆபத்து. பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதைக் கவனியுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். லீவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் லைனில் ஸ்டூல் இருக்கிறதா? கம்பெனி பேர் வேண்டாம், என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று மட்டும் கீழே எழுதுங்கள்.