கரியைப் புதைக்கும் கடல்

நிலத்தின் அடியிலிருந்து அகழ்ந்தெடுத்து எரித்த கரியை மீண்டும் நிலத்தின் அடியிலேயே இட்டு மூடிவிட இயலுமா? இயலும் என்பர் ஒரு சாரார். எண்ணெய் வணிகர் காலங்கடத்தக் கண்ட உபாயம் அது என்பர் மறுசாரார். இவ்விரு கூற்றையும் சீர்தூக்கிப் பார்க்க ஐரோப்பாவின் வடகடலே தக்க இடமென்று கருதுகின்றேன். பல நாடுகளின் கரிக்கழிவை ஒரு கடலடியில் இட்டுவைக்கும் முயற்சி அங்கேதான் நடைபெறுகின்றது.

முதலிற் பாறையின் சாட்சியத்தைக் கேட்போம். 1991 இல் நோர்வே அரசு காபனீரொட்சைட்டின்மீது வரி விதித்தது. சிலைப்னர் வயலின் இயற்கை வாயுவில் அது மிகுதியாகக் கலந்திருந்தது. பிரித்து வானில் விட்டால் வரி கட்டவேண்டும். ஆகவே 1996 முதல், கடலடித் தரைக்குக் கீழே 800 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், உவர்நீர் ஊறிய மணற்கல்லினுள் அதனைச் செலுத்தலாயினர். அந்த ஆழத்தின் அமுக்கத்தில் அது திரவம்போற் செறிகின்றது. மேலுள்ள களிப்பாறை மூடியாய் நிற்கின்றது. அதிர்வலைகளைக் கொண்டு பன்முறை ஆராய்ந்தும் கடலினுள் கசிவு காணப்படவில்லை.

ஆயினும் ஒரு பாறையின் குணத்தை மற்றொன்றின்மேல் ஏற்றிச் சொல்லுதல் ஆகாது. அதே நோர்வேயின் வடக்கே, ஸ்னோவிற் வயலில் 2008 இல் இப்பணி தொடங்கிற்று. எதிர்பார்த்ததிலும் விரைவாக அமுக்கம் ஏறவே, 2011 இல் வேறொரு பாறைப் படைக்கு மாறவேண்டியதாயிற்று. அவுஸ்திரேலியாவின் கோர்கன் திட்டமோ 2019 இல் தொடங்கியும் இலக்கை எட்டாது பின்தங்கியது. எனவே இயலுமா என்ற வினாவுக்கு இடத்துக்கு இடம் தனித்தனியே விடை காணவேண்டும்.

இனிப் புதிய முயற்சிக்கு வருவோம். நோர்வேயின் பிறேவிக் நகரிலுள்ள சீமந்துத் தொழிற்சாலையில் 2025 இல் வாயுவைப் பிடிக்கும் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 இலட்சம் தொன், அதாவது அத்தொழிற்சாலை வெளிவிடுவதில் ஏறக்குறைய பாதி, அங்கே பிடிக்கப்படுமெனத் திட்டமிட்டுள்ளனர். திரவமாக்கிய வாயு கப்பலேறி மேற்குக் கரைக்குச் செல்கின்றது. அங்கிருந்து 100 கிலோமீற்றர் நீளக் குழாய்வழியே சென்று, கடலடிக்குக் கீழே ஏறக்குறைய 2,600 மீற்றர் ஆழத்தில் அடைக்கலம் புகுகின்றது. ஒல்லாந்திலும் தென்மார்க்கிலும் உள்ள ஆலைகளும் இவ்வழியை நாடி ஒப்பந்தஞ் செய்துள்ளன.

சீமந்தை முதலிற் கொண்டமை பொருத்தமே. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லினின்றே காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. அடுப்புக்குக் காற்றினதோ வெயிலினதோ மின்சாரத்தைக் கொடுத்தாலும் அப்பகுதி நிற்காது. ஆனால், காற்றாடியும் சூரிய ஒளியும் ஆற்றக்கூடிய பணியைத் தள்ளிப்போடுதற்கு இதனைச் சாட்டாகக் கொள்வது வேறு காரியம். அதனை நான் ஏற்கமாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். இத்திட்டத்தின் முதற்கட்டம் ஆண்டுக்கு 15 இலட்சம் தொன்னைக் கொள்ளும். விரிந்தபின் 50 இலட்சம் தொன். உலகம் எரிபொருளால் ஆண்டுதோறும் வெளிவிடுவதோ ஏறக்குறைய 3,700 கோடி தொன். விரிந்த நிலையிலும் இது 7,000 இல் ஒரு பங்குக்குக் குறைவு. இச்சிறு பங்குக்கான முதற்கட்டச் செலவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நோர்வேயின் பொதுப்பணமே தாங்குகின்றது.

பணத்திலும் பெரிது பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிணற்றை மூடிக் குறைந்தது 20 ஆண்டுகளின்பின், நிபந்தனைகள் நிறைவேறின், காவற்பொறுப்பு அரசைச் சேரும். இலாபம் நிறுவனத்துக்கு, நெடுங்காவல் குடிமக்களுக்கு என்றாகாதபடி அக்காவலுக்குரிய நிதியை முன்னரே வாங்கிவைத்தல் வேண்டும். மக்களின் இசைவும் வேண்டும். ஒல்லாந்தின் பாரென்றெக்ற் நகரில், குடியிருப்புகளுக்கு அடியில் வாயுவை இடும் திட்டம் ஊரவரின் எதிர்ப்பினால் 2010 இற் கைவிடப்பட்டது. கடலடியை நாடியதற்கு இத்தகைய எதிர்ப்பும் ஒரு காரணம்.

ஆகவே என் முடிபு இது: சோதித்த பாறையும், வேறு வழியற்ற தொழிலும், விலகாத அரசும் ஒருங்கே வாய்க்கும் பிராந்தியத்தில் இது இயலும், செய்யவும் தகும். ஆயின் புதிதாக ஒரு நிலக்கரி உலையை மூட்டுவதற்கு அந்தப் புதைகுழியை அனுமதிச் சீட்டாகக் காட்டுவோரிடம், அவர்தம் பாறை எது, காவலர் யார், கணக்கு எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டபின்பே நாம் தலையசைத்தல் வேண்டும்.