ஒன்பது வீசம்

பின்னக் கணக்கென்றால் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். சூத்திரத்தை முதலில் நெட்டுருப் போடச் சொன்ன உபாத்தியாயர்களாகிய நம் பிழையே அது!

சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் ஆமெஸ் என்பவர் பிரதி செய்த ஏடு இப்போது லண்டன் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: 10 அளவு வாற்கோதுமையைப் பத்துப் பேருக்குப் பங்கிட வேண்டும், ஒருவர் பங்குக்கும் அடுத்தவர் பங்குக்கும் வித்தியாசம் அரைக்கால்.

சராசரிப் பங்கு 1. முதல்வனிலிருந்து பத்தாமவன் வரை இறங்குவது ஒன்பது அரைக்கால். அதில் பாதி, அதாவது ஒன்பது வீசம், சராசரிக்கு மேலே, மறுபாதி கீழே. ஆகவே பெரிய பங்கு 1 9/16, சிறியது 7/16. இரண்டும் சேர்ந்தால் 2. இப்படி ஐந்து ஜோடி, கணக்குத் தீர்ந்தது! சூத்திரம் எங்கே வந்தது?

ஐந்தாமவனுக்கு ஒன்றே வீசம். ஆறாமவனுக்கு? காகிதமின்றிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.