முதுகுல என்ன மூட்டை?

பைக்னு சொன்னதும் கிக்கரை உதைக்கக் கிளம்பிடாதீங்க பாஸ்! நான் சொல்றது பெட்ரோல் கேட்காத பைக். தடிச்ச டயர், முன்னாடி சஸ்பென்ஷன், 21 கியர்னு மிரட்டுமே... அந்த மவுண்டன் பைக்! லீவு விட்டா போதும், ஹாஸ்டல்ல இருந்து நாலு பேர் ஆளுக்கொரு கியர் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஏலகிரி, கொல்லிமலைன்னு கிளம்பிடுறீங்க. சந்தோஷம்! சைக்கிளை அலசி ஆராய்ஞ்சு வாங்குற நீங்க, முதுகுல மாட்டுற பையைப் பத்தி யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிக்கலை. அதுக்கான விலையை கொல்லிமலையில கொடுத்தேன்.

அப்போ நான் செகண்ட் இயர். காரவள்ளி அடிவாரத்துல காலையில ஆறு மணிக்கு மூணு பேர் ஏற ஆரம்பிச்சோம். மேல போறதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவுகள். மூணு பேர்ல பெரிய பை என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. தினமும் காலேஜுக்கு மாட்டிட்டுப் போற அதே பை. ‘மச்சி, என் ஜெர்கினை உள்ள வெச்சுக்கோடா’, ‘மாப்ள, இந்த ரெண்டு தண்ணி பாட்டிலையும் போட்டுக்கோடா’ன்னு ஆளாளுக்குத் திணிக்க, பை கர்ப்பிணி மாதிரி ஆயிடுச்சு. பட்டையை வேற ஸ்டைலுக்காக லூஸா விட்டு, இடுப்புக்குக் கீழ தொங்கவிட்டிருந்தேன்.

முப்பதாவது வளைவு தாண்டும்போது உள்ளங்கை மரத்துப் போச்சு. பை கழுத்தை அழுத்த, நான் முன்னாடி சாய, மொத்த வெயிட்டும் ஹேண்டில்பார்ல இருந்த கையில இறங்கியிருக்கு. தண்ணி பையோட அடியில கிடந்துச்சு. குடிக்கணும்னா சைக்கிளை நிறுத்தி, பையைக் கழட்டி, ஜிப்பைத் திறந்து... ‘அப்புறம் குடிச்சுக்கலாம்’னு மிதிச்சுக்கிட்டே இருந்தேன். ஐம்பதாவது வளைவுல கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிச்சுது.

இதெல்லாம்கூட பரவாயில்லை. நிஜமான பயம் இறங்கும்போதுதான்! சரிவுல ஒரு வளைவு முன்னாடி பிரேக் பிடிச்சேன். லூஸா கிடந்த பை சர்ர்னு மேல ஏறி ஹெல்மெட்டோட பின்பக்கம் இடிச்சுது. ஹெல்மெட் முன்னாடி சரிஞ்சு கண்ணை மறைச்சுது. ஒரே ஒரு செகண்ட்தான். அந்த செகண்ட்ல கீழ இருந்து பஸ் ஹாரன் கேட்டுச்சு! கண்ணு தெரியாமலே இடது பக்கம் ஒடிச்சு, சாக்கடை ஓரத்துல விழுந்தேன். முட்டி கிழிஞ்சதோட போச்சு. பஸ் போன பிறகும் ரொம்ப நேரம் எனக்கு எழுந்திருக்கத் தோணலை.

அதுக்கப்புறம்தான் பையைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். உங்களுக்காக அந்தப் பாடம், முட்டி கிழியாமலே!

பெரிய பை, பெரிய வம்பு!

ஒரு நாள் சவாரிக்கு 10 முதல் 12 லிட்டர் பை தாராளம். ராத்திரி தங்குறதா இருந்தா 20 லிட்டர் வரைக்கும் போகலாம். அதுக்கு மேல வேணும்னா சைக்கிள்ல கட்டுங்க, முதுகுல கட்டாதீங்க. பையில இடம் இருந்தா அது நிறைஞ்சே தீரும். உங்க சாமான் இல்லேன்னா ஃப்ரெண்டோட சாமான்! ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ரெண்டு லிட்டர் தண்ணி, ரெயின் ஜாக்கெட், சாப்பாடுன்னு சேர்த்தாலே மூணு கிலோ ஆயிடும். அதோட நிறுத்திக்கோங்க.

உயரத்தை விடுங்க, முதுகை அளங்க!

ஆறடி ஆளுக்கு முதுகு குட்டையாவும், அஞ்சடி ஆளுக்கு முதுகு நீளமாவும் இருக்கலாம். தலையைக் குனிஞ்சா கழுத்துக்குக் கீழ ஒரு எலும்பு துருத்திக்கிட்டு நிக்கும் இல்லையா... அங்கே இருந்து இடுப்பெலும்போட மேல்விளிம்பு வரைக்கும் ரூம்மேட்டை விட்டு டெய்லர் டேப்பால அளக்கச் சொல்லுங்க. பை இந்த அளவுக்குள்ள உட்காரணும். அதைவிட நீளமான பைதான் தலையை இடிக்கும். பெண்களுக்குன்னே வளைஞ்ச தோள்பட்டையோட, நீளம் குறைச்சு வர்ற பைகளும் இருக்கு. தோழிகளே, கேட்டு வாங்குங்க.

மூணு பட்டை ரகசியம்

தோள்பட்டை ரெண்டும் பையை முதுகோட ஒட்ட வைக்கணும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை வரும். அதைக் காறை எலும்புக்கு ரெண்டு மூணு விரல் கீழ மாட்டுங்க. நல்லா மூச்சை இழுத்து விட முடியணும், முடியலேன்னா இறுக்கம் அதிகம். மூணாவது இடுப்புப் பட்டை. சைக்கிள்ல நாம குனிஞ்சே இருக்கிறதால, இதோட முக்கிய வேலை பை இடமும் வலமும் ஆடாம, மேல ஏறாம பிடிச்சுக்கிறதுதான். எனக்கு அன்னிக்கு இந்த ஒரு பட்டை இருந்திருந்தா பஸ் ஹாரனோட சத்தம் இன்னிக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

முதுகு ஒட்டுற பக்கத்துல வலைத்துணியும், காத்து போக நடுவுல இடைவெளியும் இருக்கான்னு பாருங்க. நம்ம ஊரு வெயிலுக்கு இது ரொம்ப அவசியம்.

சலைன் பையில பிறந்த ஐடியா

1989-ல அமெரிக்காவோட டெக்சாஸ்ல, வெயிலுக்குப் பேர்போன 100 மைல் சைக்கிள் சவாரி ஒண்ணு நடந்துச்சு. அதுல கலந்துக்கிட்டவர் மைக்கேல் எய்ட்சன். அவசர மருத்துவ உதவியாளரா வேலை பார்த்தவர். நரம்புல ஏத்துற சலைன் பையில தண்ணியை நிரப்பி, நீளமான சாக்ஸுக்குள்ள போட்டு, சட்டையோட முதுகுல பொருத்திட்டார். அதோட டியூபைத் தோள் வழியா முன்னாடி கொண்டுவந்து, துணிக்கு மாட்டுற கிளிப்பால பிடிக்க வெச்சார். கேமல்பேக் பிறந்த கதை இதுதான்!

இந்த மாதிரி தண்ணிப் பை வைக்கத் தனி அறையும், டியூபுக்கு ஓட்டையும் இருக்கிற முதுகுப்பையா வாங்குங்க. சைக்கிளை நிறுத்தாம உறிஞ்சலாம். கையில சிக்குற தண்ணியைத்தான் மனுஷன் குடிப்பான்! ஒரே கண்டிஷன், அதுல ஜூஸ் ஊத்தாதீங்க. வீட்டுக்கு வந்ததும் கழுவி, வாயைத் திறந்து காய வெச்சிடுங்க. இல்லேன்னா அடுத்த சவாரியில பூசணம்தான் குடிப்பீங்க.

எது எங்கே?

கனமானதெல்லாம் கீழயும், முதுகை ஒட்டியும் இருக்கட்டும். ஸ்பேர் ட்யூப், டயர் லீவர், ஆலன் கீ எல்லாம் சீட்டுக்கு அடியில ஒரு குட்டிப் பையில போயிடட்டும். பம்பை ஃப்ரேம்ல மாட்டிடுங்க. இரும்புச் சாமானை முதுகெலும்புக்கு நேரா வெச்சுக்கிட்டு மல்லாக்க விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கடலை மிட்டாய், வாழைப்பழம், போன் மேல. மலை மேல மழை சொல்லிட்டு வராது. ரெயின் கவர் இல்லேன்னா கவலைப்படாதீங்க, பைக்குள்ள ஒரு பெரிய பாலிதீன் கவரைப் போட்டு அதுக்குள்ள எல்லாத்தையும் வைங்க. செலவே இல்லை!

கடையில ஒரு நாடகம்

வெறும் பை எல்லாருக்கும் சுகமாத்தான் இருக்கும். அதனால கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் ரெண்டு ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலையும் எடுத்துட்டுப் போங்க. பாட்டிலைப் பைக்குள்ள போட்டு, மாட்டி, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி குனிஞ்சு, தலையைத் தூக்கி ரோட்டைப் பாருங்க. ஹெல்மெட் இடிக்குதா? குனிஞ்சபடியே இடமும் வலமும் ஆடுங்க. பை தனியா ஆடுதா? கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். பார்க்கட்டுமே! வலி உங்களுக்கா, அவருக்கா?

அடுத்த வருஷம் அதே மூணு பேர் திரும்பவும் கொல்லிமலை போனோம். இந்தத் தடவை ஆளுக்கொரு சின்னப் பை, அவங்கவங்க தண்ணி அவங்கவங்க முதுகுல. எழுபதாவது வளைவு வரைக்கும் கை மரக்கலை. மரத்துல படர்ந்திருக்கிற மிளகுக் கொடியையும், தொங்குற பலாவையும் அன்னிக்குத்தான் பார்த்தேன். முதல் தடவையும் அதே ரோடுதான், அதே மரங்கள்தான். குனிஞ்ச தலையை நிமிர்த்த என் பை விடலை, அவ்வளவுதான்!

ஞாயித்துக்கிழமை சவாரி இருக்கா? இன்னிக்கு ராத்திரியே உங்க பையைக் கட்டில் மேல கொட்டுங்க. உங்களோடது இல்லாத சாமானையெல்லாம் முதல்ல உரியவங்ககிட்ட ஒப்படைச்சிட்டு வாங்க!