பெயர்த்தெழுதாத ஏடுகள்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்போ பழைய கணினிகள் பலவற்றை ஏற்க மறுக்கிறது. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளையும் ஓரங்கட்டிவிட்டுப் புதியன வாங்கும் கட்டாயம் பலருக்கும் நேர்ந்திருக்கிறது. எங்கள் நண்பர் வட்டத்திலேயே மூன்று பேர் வாங்கினார்கள். பழையதில் உள்ளதையெல்லாம் புதியதற்கு மாற்றித் தருவதாகக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். சொன்னபடி செய்தும் விடுகிறார்கள். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடுகிறது. புகைப்படங்கள், பாட்டுகள், வங்கிக் கணக்குத் தாள்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்கின்றன. 2005ஆம் ஆண்டுக்கு முன்பு தமிழில் எழுதிவைத்த கதை, கட்டுரை, கடிதங்கள் மட்டும் வந்தும் வராதவையாகக் கிடக்கின்றன. கோப்பு இருக்கிறது, அதன் அளவு சரியாக இருக்கிறது, திறக்கவும் செய்கிறது. உள்ளே இருப்பது எந்த மொழியும் அல்ல.

காரணம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான் என்றாலும் இளைய வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. 1990களிலும் அதற்குப் பின் சில ஆண்டுகளும் தமிழில் தட்டச்சு செய்தவர்களில் பெரும்பாலோர், கணினியைப் பொறுத்தவரை தமிழில் எழுதவே இல்லை. ஆங்கில எழுத்துக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துத் தைத்த எழுத்துருக்கள் அவை. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகிய ஐந்து குறிகள்தாம். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் வெறும் உளறல். இதில் ஆளுக்கொரு வரிசை வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என இரண்டு குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. இணையத்தில் மடற்குழுக்கள் நடத்தியவர்கள் திஸ்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஈழத்தவரிடமும் புலம்பெயர்ந்தவரிடமும் பாமினி. அச்சகங்களில் அவரவர் விலைகொடுத்து வாங்கிய எழுத்துருத் தொகுதி. யுனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது வீட்டுக் கணினிகளை எட்டத் தொடங்கியது. தமிழக அரசு ஒருங்குறியை முறைப்படி ஏற்க 2010ஆம் ஆண்டு ஆயிற்று.

ஆக, தமிழ்க் கணினியின் முதல் பதினைந்து ஆண்டுகளின் எழுத்து, சாவி தொலைந்த பெட்டிகளில் கிடக்கிறது. ‘கோப்புகளை மாற்றுதல்’ என்ற சொல்லே இங்கே ஏமாற்றுச் சொல் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. செய்ய வேண்டியதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு: பெயர்த்தெழுதுதல்.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இந்தச் சொல் அந்நியமானது அல்ல. பனையோலை எவ்வளவு பக்குவமாகப் பதப்படுத்தப்பட்டாலும் நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் செல்லுக்கும் தப்பிச் சில நூற்றாண்டுகள் தாங்கினால் பெரிது. அதற்குள் யாராவது உட்கார்ந்து புதிய ஓலையில் அதை எழுதியாக வேண்டும். அப்படித் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த கவிராயர் வீடுகள் திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் இருந்தன. பத்துப்பாட்டு 1889இல் அச்சேறுவதற்கு முன்பு உ.வே. சாமிநாதையர் அந்த வீடுகளின் படியேறி இறங்கிய கதையை ‘என் சரித்திர’த்தில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெல்லையில் கவிராச ஈசுவரமூர்த்திப் பிள்ளையின் வீட்டில் ஒழுங்காக அடுக்கிவைத்த சுவடிகளைக் கண்டு அவர் பூரித்துப்போனார். ஆழ்வார்திருநகரியில் பல வீடுகளில் தேடிச் சலித்தபின், லட்சுமணக் கவிராயர் என்பவர் வழியாகப் பத்துப்பாட்டு மூலச் சுவடி ஒன்று கிடைத்தது.

அதே நூலில் மறுபக்கமும் இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியனுடைய ஏடுகள் இருந்ததாகக் கேள்விப்பட்டு அவர் போனபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆகமம் அப்படி விதிக்கிறதாம். ஆடிப்பெருக்கன்று பழஞ்சுவடிகளைத் தேர்போலக் கட்டி ஆற்றில் விடும் வழக்கத்தைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். இந்தக் கதைகளைச் சொல்லி முன்னோரின் அறியாமையைப் பழிப்பது நமக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஓமத்தில் இட்டவனும் ஆற்றில் விட்டவனும் ஏட்டைக் குப்பையாக நினைக்கவில்லை. மரியாதையாக வழியனுப்பியதாகவே நினைத்திருக்கிறான். படிக்கத் தெரியாத, பெயர்த்தெழுத ஆளில்லாத ஒன்றை அவன் வேறு என்ன செய்வான்? நாமோ படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்கள். வன்தட்டைக் கழற்றி எடைக்குப் போடுகிறோம்.

ஒப்புமை இவ்வளவோடு நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். அது எழுத்துக்குள்ளேயே தொடர்கிறது என்பதுதான் வியப்பு. ஓலையில் புள்ளி குத்தும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். அது ரகரமா காலா என்பதைப் படிப்பவன் பொருளறிந்து முடிவு செய்ய வேண்டும். பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் பாதி இதில்தான். பழைய அச்சிலும் ர், ரி, ரீ ஆகியவை அடிக்கோடு இல்லாமல் கால் வடிவிலேயே வந்தன. அந்தக் கண்பழக்கத்தில்தான் நம் தட்டச்சர்களும், ரகரத்துக்கு மாறாகத் துணைக்காலை இட்டு அதன்மேல் புள்ளி வைத்தார்கள். காகிதத்தில் பார்க்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஒருங்குறிக்கு மாற்றும்போது மாற்றி மென்பொருள் தனக்கு இட்டதை அப்படியே செய்கிறது: ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ ஆகிவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ‘அவர்கள்’ என்று தேடினால் ‘அவா்கள்’ கிடைக்காது. ஔவையாரும் இப்படியே ‘ஒளவையார்’ ஆகி, ஒகரத்தின் கீழ் போய் உட்கார்ந்துகொள்கிறார். ‘கௌரவம்’ ‘கெளரவம்’ ஆகிறது. கொம்புகள் மெய்க்கு முன்னால் தட்டப்பட்டவை. ஒருங்குறியில் அவை மெய்க்குப் பின்னால் வர வேண்டும். நல்ல மாற்றிகள் இதைச் சரியாகவே செய்கின்றன. ஆனால் நடுவில் ஓர் இடைவெளியோ ஓர் ஆங்கிலச் சொல்லோ வந்துவிட்டால் தடுமாறிவிடுகின்றன.

மாற்றிகளைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் முதலியவை இலவசமாகக் கிடைத்திராவிட்டால் இன்றைக்கு இணையத்தில் உள்ள தமிழில் ஒரு பெரும்பங்கு இராது. மதுரைத் திட்டத்தார் 1998 முதல் தட்டச்சிட்டுச் சேர்த்த நூல்களைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு பெரும்பணி. அதற்கு நாம் போதிய நன்றி சொன்னதில்லை. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல வருவது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவனுக்கு அடுத்து ஒப்புநோக்கியவன் ஒருவன் இருந்தான். அந்த இரண்டாமவன் இப்போது இல்லை.

சில மாதங்களுக்கு முன்பு நெல்லை டவுனில் மூடப்பட்ட ஒரு டி.டி.பி. நிலையத்தின் வன்தட்டு எங்கள் கைக்கு வந்தது. உரிமையாளரே மனமுவந்து கொடுத்தார். உள்ளே திருமண அழைப்பிதழ்கள், கோயில் கொடை நோட்டீசுகள், ஆய்வேடுகள், வெளிவந்ததும் வெளிவராததுமான கவிதைத் தொகுப்புகள், ஒரு சிற்றிதழின் சில இதழ்கள். பாதிக்கு மேல் பேஜ்மேக்கர் கோப்புகள். அந்த மென்பொருள் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோயிற்று. இவற்றுக்கிடையே நாற்பது பக்க அளவில் ஒரு வில்லுப்பாட்டுக் கதை. யாரோ ஒரு புலவர் தம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துத் தட்டச்சு செய்து, ஒளிநகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முத்துப்பட்டன் கதைதான், ஆனால் நா. வானமாமலை பதிப்பித்ததோடு பல இடங்களில் ஒத்துவராத பாடம். புலவர் யார், நோட்டுப் புத்தகம் எங்கே என்று கேட்டோம். உரிமையாளருக்கு நினைவில்லை. பாபநாசத்து மலையடிவாரத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதையின் ஒரு வடிவம், இன்று எங்களுக்குத் தெரிந்தவரை, பெயர் தெரியாத ஓர் எழுத்துருவில் மட்டுமே இருக்கிறது. அந்த எழுத்துருவும் அதே தட்டில் இருந்ததால் தப்பித்தோம். அதையும் சேர்த்து அழித்திருந்தால், எந்தக் குறி எந்த எழுத்து என்று துப்பறியத்தான் வேண்டியிருந்திருக்கும்.

‘நல்லது அச்சில் வந்திருக்கும், அச்சில் வராதது போனால் என்ன’ என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். மேற்சொன்ன நாற்பது பக்கங்களே அதற்குப் பதில். புதுமைப்பித்தன் முதல் வண்ணதாசன் வரை எழுதிச் சிறந்த ஊர் இது. இங்கே கடிதம் எழுதாத எழுத்தாளர் குறைவு. 2000க்குப் பிறகு அக்கடிதங்களில் பல கணினிக்குப் போய்விட்டன. கையெழுத்தில் இருந்தவற்றைப் பிள்ளைகள் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கணினியில் இருப்பவற்றுக்குத் தகரப்பெட்டியின் ஆயுளும் இல்லை.

அச்சில் உள்ளதை ஒளிவருடி, எழுத்துணரிக்குக் கொடுத்தால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. இன்றைய தமிழ் எழுத்துணரிகள் திறமையானவை, மறுக்கவில்லை. ஆனால் மொழிப்பழக்கத்தைக் கொண்டு ஊகிக்கும் கருவிகள் பழகிய சொல்லின் பக்கமே சாயும். ‘வந்தாக’ என்று நெல்லைப் பேச்சில் எழுதியிருப்பதை ‘வந்தார்கள்’ ஆக்கிவிட்டால், பிழை இருப்பதே யாருக்கும் தெரியாது. கரடுமுரடான பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். வழவழப்பான பிழைதான் நிலைத்துவிடும். எஸ். வையாபுரிப் பிள்ளையும் இந்தச் சீமைக்காரர்தான். தமக்குப் பொருந்தாததாகப் பட்ட பாடபேதத்தையும் குறித்துவைத்துவிட்டே மேலே சென்ற அவருடைய முறையை நினைவூட்டுவதற்கு, இந்தப் புதிய கருவிகளின் காலத்தைவிட ஏற்ற காலம் வேறில்லை.

அவசரம் ஏன் என்று கேட்பவர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நினைவூட்டலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி சந்திப்புப் பகுதிக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் புகுந்தது. நம் வீடுகளில் கணினிப் பெட்டி எங்கே இருக்கிறது? மேசைக்கு அடியில், தரையில். ஆடிப்பெருக்குக்குத் தேர் கட்டி விட வேண்டியதே இல்லை. ஆறே வீட்டுக்குள் வந்து எடுத்துக்கொண்டுபோயிற்று.

எனவே சிற்றிதழ் நடத்தியவர்களிடமும், டி.டி.பி. நிலையம் வைத்திருந்தவர்களிடமும், மறைந்த எழுத்தாளர்களின் குடும்பத்தாரிடமும் நாங்கள் வேண்டிக்கொள்வது இது. பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால், முதலில் அதிலுள்ள எழுத்துருக் கோப்புறையை அப்படியே நகலெடுங்கள். கட்டுரைகளையும் கதைகளையும்விட அது முக்கியம். அந்தக் கணினியிலேயே கோப்புகளைத் திறந்து பி.டி.எஃப். ஆகவோ, முடியாவிட்டால் அச்சுப்படியாகவோ ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பின்னால் ஒப்புநோக்க மூலம் என்று ஒன்று வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றிய பிறகும் பழைய கோப்பை அழிக்காதீர்கள். அச்சான பிறகும் சாமிநாதையர் ஏடுகளை எறிந்துவிடவில்லை. 1943இல் அவர் பெயரால் சென்னையில் நிறுவப்பட்ட நூலகத்தில் இன்றைக்கும் அவற்றைக் காணலாம். எந்த எழுத்துரு, யார் தட்டச்சு செய்தது, எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதிக் கூடவே வையுங்கள். இன்னொரு பிரதி வேறொரு வீட்டில், முடிந்தால் வேறொரு ஊரில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம். கொடை நோட்டீசுகளில் எதை வைப்பது, எதை விடுவது என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை. வரிக்காரர் பட்டியல் உள்ள நோட்டீசு பிற்காலத்தில் ஒரு சமூகவியலாளருக்குப் பயன்படும் என்கிறார் ஒருவர். அழைப்பிதழ்களையும் அதே வாதத்தில் சேர்த்துவிடலாமே என்கிறார் மற்றவர். வில்லுப்பாட்டை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டோம். பதினெட்டுப் பக்கம் ஒப்புநோக்கியாயிற்று. புலவர் வேண்டுமென்றே எழுதியதா, தட்டச்சரின் கைப்பிசகா என்று தெரியாத இடங்கள் இதுவரை முப்பத்தொன்று. அவற்றைத் திருத்தாமல் அப்படியே விட்டு, அடியில் குறித்துக்கொண்டு போகிறோம்.